ஈரச்சாக்கு

ஜீப்பின் பின்பக்கத்தில் எந்நேரமும் இரண்டு கோணிச்சாக்கு நனைந்து கிடக்கும். கொளுத்துகிற வெயில் காலத்திலும் அப்படித்தான். காலையில் வண்டியை எடுக்கும் முன் அதன் டிரைவர் வாசல் குழாயில் அவற்றை நன்றாக நனைத்து, பிழியாமல், சொட்டச் சொட்ட ஒரு பழைய தொட்டியில் போட்டு ஏற்றிக்கொள்வார். சேற்றிலோ மணலிலோ சிக்கின வண்டியை இழுக்கும்போது, இரண்டு வண்டிக்கும் நடுவே கிடக்கிற பெல்ட்டின் மேல் அந்தச் சாக்கைப் போர்த்துவார். பெல்ட் அறுந்து தொலைத்தால் காற்றில் வீசாமல் கனத்தில் தரையோடு விழட்டும் என்று. மற்ற டிரைவர்களுக்கும் இது தெரியாத சங்கதி இல்லை. தெரிந்து என்ன செய்ய, போர்த்துகிற ஆள் இவர் ஒருத்தர்தான். அதனால் ஊரே கூடி அவருக்கு ஈரச்சாக்கு என்று பேர் வைத்துவிட்டது.

தார்ரோடு முடிகிற இடத்தில் அந்த ஊர். அதற்கு அப்பால் செம்மண் பாதை, பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓர் ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல்குவாரியும் மரக்கிடங்கும் கொஞ்சம் வீடுகளும். பாலம் வரும், வரும் என்று சொன்னவர்களெல்லாம் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள். மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் மணல். எப்படியும் ஏதாவது ஒரு வண்டி மாட்டும். மாட்டினதும் ஆள் விடுவது ஈரச்சாக்குக்குத்தான். வாய் வலிக்கக் கேலி பண்ணுகிறவர்களும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

வந்து இறங்கினதும் அவர் இழுக்கமாட்டார். அதுதான் எல்லோருக்கும் எரிச்சல். முதலில் மாட்டின வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். சக்கரங்களில் காற்றைக் குறைப்பார். மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வாரி, சக்கரம் பற்றி ஏறுவதற்குப் பல் வைத்த பலகையைச் சொருகுவார். பெல்ட் மாட்டுகிற கொக்கி வண்டியின் சட்டத்தோடு சேர்ந்ததா, சும்மா பம்பரில் ஒட்டினதா என்று சேற்றில் படுத்து டார்ச் அடித்துப் பார்ப்பார். பிறகு வேடிக்கை பார்க்கிற ஒவ்வொருவரையும் பெல்ட்டின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்கு விரட்டுவார். ஒரு நாய் குறுக்கே வந்தாலும் இறங்கிப்போய் அதை ஓட்டிவிட்டுத்தான் பின்பக்கம் காட்டுகிற கண்ணாடியைப் பார்ப்பார். கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் கியர் போடுவார். ஈரச்சாக்கு வந்தாச்சு, வாங்க டீ குடிச்சிட்டு வந்துடலாம் என்பார்கள். நிஜமாகவே போய்க் குடித்துவிட்டும் வருவார்கள்.

அவருடைய மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. லாரிக்குத் தார்ப்பாய், வண்டிக்கு சீட்டு உறை, பள்ளிக்கூடப் பை என்று முரட்டுத் துணியெல்லாம் அவளிடம்தான் வரும். அவள் போட்ட தையல் பிரிந்ததாக அந்த ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை. கை அப்படி. வாய்தான் கொஞ்சம் நீளம். பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள், பிடித்ததைச் சொல்லத்தான் வராது. புருஷன் சட்டையில் ஒரு பொத்தான் தளர்ந்தால் அவர் கேட்பதற்கு முன்பே அது இறுகியிருக்கும். அவள் கொஞ்சுவது அவ்வளவுதான். அவரும் அதைப் புரிந்துகொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார்.

சண்டை கூரையால் வந்தது. வெட்டுமேஜைக்கு நேர்மேலே தகரத்தில் ஓர் ஓட்டை. நாளைக்கு அடைக்கிறேன், நாளான்னைக்கு அடைக்கிறேன் என்று இழுத்தடித்துக்கொண்டே வந்தவர், ஒருநாள் ஒரு வயர்லெஸ் பெட்டியோடு வந்து நின்றார். ஆற்றுப் பக்கம் போனில் சிக்னல் வராது, இதில் வரும். ஒன்று ஜீப்பில், ஒன்று இவள் மேஜைமேல், மற்ற டிரைவர்களும் ஆளுக்கொன்று மாட்டிக்கொள்கிறார்கள், ஆத்திர அவசரத்துக்கு ஆகும் என்று ஆசையாக விளக்கினார். மைக்கை எப்படிப் பிடிப்பது, எங்கே அழுத்துவது என்று செய்து காட்டவும் செய்தார். அவள் அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. ஒரு லாட்ஜுக்குத் தைத்து மடித்து வைத்திருந்த திரைத்துணி மொத்தமும் துருத்தண்ணீரில் நனைந்து பாழாகிவிட்டது.

"என்னைக்கோ வரப்போற ஆபத்துக்கு இவ்வளவு சாமான் வாங்கி அடுக்குற மனுஷனுக்கு, தலைமேல ஒழுகுறது கண்ணுக்குத் தெரியல" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். விடுகிற ஆளா அவள்? "ஊர்ல சொல்றது சரிதான். நீங்க ஒரு பயந்தாங்கொள்ளி. பயத்தைத்தான் பை பையா கட்டி வண்டியில ஏத்தி வச்சிருக்கீங்க."

அவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை மெதுவாக மேஜைமேல் வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தான், இருவரும் சேர்ந்து வண்டி ஓட்டினார்கள், ஆற்றில் ஏதோ விபத்தில் அவன் போய்விட்டான் என்பதுவரை அவளுக்குத் தெரியும். எப்படி என்று அவர் சொன்னதில்லை, அவளும் குடைந்ததில்லை. சொன்ன வார்த்தை அந்த இடத்தில்தான் போய்ப் பட்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தபோது அவர் வாசலைத் தாண்டிவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் கூரைமேல் ஏறி ஓட்டையை அடைத்தார். கீழே இறங்கியவர் அவளிடம் பேசவில்லை.

பேச்சில்லாத வீடு என்று சொல்லவும் முடியாது. அவர் கதவிடம் பேசினார், அவள் மிஷினிடம் பேசினாள். சாப்பாடு ஆறிப்போகுது என்று மிஷினுக்குச் சொல்லுவாள், அவர் வந்து உட்காருவார். இன்னைக்கு வர நேரமாகும் என்று கதவுக்குச் சொல்லிவிட்டுப் போவார், அவள் தாமதமாக உலை வைப்பாள். இப்படியே பத்துப் பதினைந்து நாள் ஓடிற்று. வயர்லெஸ் பெட்டியின்மேல் அவள் ஒரு துண்டுத்துணியைப் போட்டு மூடிவைத்தாள். ராத்திரி படுத்தால், தப்பு என்னுதுதான் என்று சொல்ல வேண்டிய வார்த்தை தொண்டைவரை வரும், வந்து நிற்கும். மன்னிப்புக் கேட்டே பழக்கமில்லாத குடும்பம் அவளுடையது. அவள் அப்பா ஒருமுறை அம்மாவிடம் கோபித்துக்கொண்டு, ஒரு மூட்டை விறகை உடைத்துப் போட்டுத்தான் சமாதானமானார்.

ஒருநாள் அவர் ஜீப்பை விட்டுவிட்டு வெளியே போயிருந்தபோது, வீட்டுப் பின்சுவர் ஆணியில் நீலநிற இழுவை பெல்ட் ஒன்று தொங்குவதைப் பார்த்தாள். நீளமான பெல்ட். உள்ளங்கை அகலத்துக்கு ஓரம் பிய்ந்து பஞ்சு பஞ்சாக நின்றது, பாறையில் உராய்ந்திருக்க வேண்டும். அவளுக்குச் சட்டென்று மனசு லேசாகிவிட்டது. இதோ இருக்கிறதே வழி! பிசிறையெல்லாம் கத்தரித்துச் சுத்தம் செய்தாள். பள்ளிக்கூடப் பைக்குக் கைப்பிடி வைக்கிற பட்டையில் ஒரு துண்டு வெட்டி அடியில் கொடுத்தாள். பெரிய ஊசி போட்டு, தார்ப்பாய் நூலில், கட்டம் போட்டு கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டு, மறுபடி அதன்மேலேயே ஓட்டி, மிஷின் முனகுகிற அளவுக்குத் தைத்தாள். இரண்டு முனையையும் காலில் மிதித்துக் கையால் இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. அழகாகச் சுருட்டி ஜீப்பில் பெல்ட் வைக்கிற பைக்குள் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், கொஞ்சம் பாடிக்கொண்டேகூட வேலை பார்த்தாள். அவருடைய முன்சுவர் ஆணி நல்ல பெல்ட்டுக்கு, பின்சுவர் ஆணி வெட்டிப் போடவேண்டிய பெல்ட்டுக்கு என்பது அவளுக்குத் தெரியாது. அவர் சொல்லியிருந்தால்தானே தெரியும்?

இரண்டு நாள் கழித்து, விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஆற்றில் ஒரு வேன் மாட்டிக்கொண்டதாக ஆள் வந்து சொல்ல, அவர் சாக்கை நனைத்து ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஆத்துல தண்ணி ஏறுதாம் என்று கதவிடம் சொன்னார். பார்த்துப் போகச் சொல்லு என்று அவள் மிஷினிடம் சொன்னாள். அவர் வாசலில் ஒரு நொடி நின்று, ஏதோ சொல்லப்போகிறவர்போல அவளைத் திரும்பிப் பார்த்தார். உதட்டில் லேசாகச் சிரிப்பு இருந்த மாதிரி அவளுக்குத் தோன்றிற்று. பார்த்துவிட்டார், தையலைப் பார்த்துவிட்டார் என்று நினைத்துச் சந்தோஷத்தோடு குனிந்துகொண்டாள்.

உச்சிப் பொழுதுக்கு அவள் தம்பி வந்தான். அடுத்த தெருவில் டயர் கடை வைத்திருக்கிறான், ஊர் அவனுக்கு வைத்த பேர் பஞ்சர். கிழிந்த கையுறை ஒன்றை மேஜைமேல் போட்டுவிட்டு, பேச்சுக்குப் பேச்சு அங்கிருந்த ஊசிமெத்தையை அமுக்கிக்கொண்டிருந்தான். ஊசி குத்திவைக்கிற அந்தச் சின்ன மெத்தையை அவள் புதிதாகத் தைத்திருந்தாள். ஒரு மூலையில் நீலப் பஞ்சு பிதுங்கியது.

"இது என்னக்கா பஞ்சு? நைலான் மாதிரி இருக்கு."

அவள் வேலையை நிறுத்தாமலே, பெருமையை அடக்கிக்கொண்டு, உன் மாமாவோட பெல்ட்டுப் பிசிறுதான், ஓரம் போயிருந்தது, தைத்து வைத்துவிட்டேன் என்றாள். தம்பி ஊசிமெத்தையைக் கீழே வைத்தான். நிமிர்ந்து பார்த்தால் அவன் முகம் மாறிப்போயிருந்தது.

"எந்த பெல்ட்டு? சாமான் கட்டுற பெல்ட்டா, வண்டி இழுக்குற பெல்ட்டா?"

"ஆணியில தொங்குச்சுல்ல, நீட்டமா. ஏன்டா?"

"அதுல தைக்கக்கூடாதுக்கா."

"என் தையல் பிரியும்ங்கிறியா?"

"பிரியாது. அதான் பிரச்சினையே." அவன் அவள் எதிரில் உட்கார்ந்தான். "அந்த பெல்ட்டு நீளணும்க்கா. ஜீப்பு போற வேகத்துல அது நீண்டு, திரும்பச் சுருங்கும்போதுதான் வண்டியைப் பிடுங்கும். நீ எலாஸ்டிக்கை இழுத்துப் பிடிக்காம, அப்படியே துணியோட சேத்துத் தச்சா என்னாகும்?"

அவள் கை மிஷின் சக்கரத்திலேயே நின்றுவிட்டது. இடுப்பு எலாஸ்டிக் தைக்கிற எந்தச் சின்னப்பெண்ணைக் கேட்டாலும் சொல்லுவாள். இழுத்ததும் நூல் படபடவென்று அறும். பெல்ட்டைத் தொட்டபோது அவள் விரலுக்கு அது பள்ளிக்கூடப் பையின் கைப்பிடிப் பட்டையாகத்தான் தெரிந்தது. எலாஸ்டிக் என்று தோன்றவே இல்லை.

"தச்ச இடம் நீளாது, பக்கத்து இடம் நீளும். ஊசி போன ஓட்டை வழியா அப்படியே கிழியும்" என்றான் அவன். "மாமா உனக்கு அந்தக் கூட்டாளி கதையைச் சொன்னதே இல்லையா?"

தம்பி சொல்லித்தான் அவளுக்கு அது தெரிந்தது. அன்றைக்கும் ஆற்றில்தான். ஜீப்பில் இவர், மாட்டின வண்டிக்குள் கூட்டாளி. பெல்ட் ஓரம் பிய்ந்திருந்ததை இருவருமே பார்த்தார்கள். ஒரு தடவை தாங்கும்டா, இழு என்று கூட்டாளிதான் சொன்னான். அறுந்த பெல்ட், நுனியிலிருந்த இரும்பு வளையத்தோடு, கூட்டாளி இருந்த வண்டியின் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போயிற்று. பயந்தாங்கொள்ளி என்று சொன்ன வாயைத் தைத்துக்கொண்டால் என்ன என்று இருந்தது அவளுக்கு.

வயர்லெஸ் பெட்டிமேல் கிடந்த துணியை இழுத்து எறிந்துவிட்டு மைக்கை எடுத்தாள். தெரிந்தவரைக்கும் அழுத்தினாள். "ஏங்க, ஏங்க, கேக்குதா, அந்த பெல்ட்டை எடுக்காதீங்க, ஏங்க" என்று திரும்பத் திரும்பக் கத்தினாள். விரல் வெளுத்துப்போகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டு காதை வைத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. தம்பி அதற்குள் கடைக்கு ஓடிப்போய், தன் கடையிலிருந்த நீளமான பெல்ட் ஒன்றைச் சின்ன வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். கழுத்தில் மஞ்சள் அளவுநாடா தொங்குவதுகூட ஞாபகமில்லாமல் அவள் ஏறி உட்கார்ந்தாள்.

தார்ரோடு முடிந்ததும் அவன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். அவளுக்கு வந்ததே ஆத்திரம்! என்னடா நிக்குற, போடா என்று கதவைத் தட்டினாள்.

"டயர்ல காத்தைக் குறைக்கணும்க்கா. இல்லேன்னா நாமளும் மாட்டி அங்கேயே நிப்போம். மாமா சொல்லிக்குடுத்ததுதான்."

அவளும் இறங்கினாள். புடவை சேற்றில் புரள, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி, இடுப்புப் பையிலிருந்த நூல்வெட்டி முனையால் வால்வை அழுத்தினாள். உஸ்ஸென்று காற்று போகிற அந்த நேரம் ஒரு யுகமாக இருந்தது. இவ்வளவு பொறுமையாக இதைத்தான் அவர் தினம் தினம் செய்துகொண்டிருக்கிறார், எல்லாரும் டீ குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவும் நேரமில்லை.

ஆற்றுக்கு இறங்குகிற கடைசி வளைவில் சேறு கணுக்காலுக்குமேல் இருந்தது. தம்பியின் வேன் பக்கவாட்டில் வழுக்கி நின்றுவிட்டது. பாதை மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. மேட்டின்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் ஆறு. செருப்பைக் கழற்றி வீசிவிட்டு அவள் மேட்டில் ஏறினாள். மேலே நின்றதும் எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்தது. கலங்கின தண்ணீருக்கு நடுவே, சக்கரம் முங்க, வீட்டுச் சாமான் ஏற்றின ஒரு வேன். கட்டில், அலமாரி, சுருட்டின மெத்தை எல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் துருத்திக்கொண்டிருந்தன. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வேன் டிரைவர். தூரத்தில் கரையில், நனைந்த புடவையோடு, அந்தச் சாமானுக்குச் சொந்தக்காரியான டீச்சரம்மா ஒரு சுவர்க்கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் கெட்டியான தரையில், ஆற்றுக்கு முதுகைக் காட்டி, ஜீப்பு. ஜீப்புக்கும் வேனுக்கும் நடுவே மண்ணில் வளைந்து கிடந்தது நீல பெல்ட். அதன்மேல் இரண்டு ஈரச்சாக்கு. ஒரு சாக்குக்கு ஓரத்தில் அவளுடைய தையல் வெளியே தெரிந்தது.

கத்தினாள். தண்ணீர் இரைச்சலிலும் இன்ஜின் சத்தத்திலும் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஜீப்பு மெதுவாகப் பின்னால் வர ஆரம்பித்தது. அது எதற்கென்று அவளுக்குத் தெரியும். பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, அடுத்த மூச்சில் ஒரே பாய்ச்சலாக முன்னால் போவார். ஜீப்பு எட்டத்தில் இருந்தது, பெல்ட்தான் பக்கம். சரிவில் உட்கார்ந்து வழுக்கி, விழுந்து, எழுந்து ஓடி, ஒருவரும் நிற்கக்கூடாது என்று அவர் ஊரையே விரட்டுகிற இடத்தில், இரண்டு வண்டிக்கும் நட்டநடுவில், பெல்ட்டின்மேலேயே ஏறி நின்றாள். ஜீப்பின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியைப் பார்க்காமல் அவர் கியர் போடமாட்டார். அந்த ஒன்றை நம்பித்தான் நின்றாள்.

இன்ஜின் நின்றது.

அவர் இறங்கி நடந்து வரவில்லை, ஓடி வந்தார். பத்துப் பதினைந்து நாளுக்கு அப்புறம் முதல் தடவையாகக் கதவிடம் இல்லாமல் அவளிடம் பேசினார். பேச்சா அது, அலறல்.

"உனக்குப் பைத்தியமா? எங்க வந்து நிக்குற நீ?"

"நான் தச்சதுங்க. அது தாங்காது. எனக்குத் தெரியாம…" காலடியில் கிடந்த தையலை விரலால் காட்டினாள்.

அவர் தையலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கோபமெல்லாம் வடிந்து, திருட்டுத்தனம் பண்ணி மாட்டிக்கொண்டவர் மாதிரி ஆகிவிட்டது முகம்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீ தச்சதுன்னு. முந்தாநேத்தே பையைத் திறந்தப்போ பாத்துட்டேன். இழுக்க ஆகாதுன்னும் தெரியும். வெளிய எடுத்துப் போட்டா நீ பாப்ப, உன் முகம் வாடிடும். பேசாம பையிலேயே வச்சுட்டேன்." திரும்பி ஆற்றைப் பார்த்தார். "இன்னொரு பெல்ட்டு இருக்கு. கெட்டித் தரையில நின்னு இழுக்க அது எட்டல. தண்ணி ஏறிட்டே இருக்கு. அந்தம்மா வீட்டுச் சாமான் மொத்தமும் அந்த வண்டியிலதான் இருக்கு. ஒரு தடவை தாங்கும்னு நெனச்சேன். உன் தையலாச்சேன்னு…"

சொல்லும்போதே தான் என்ன சொன்னோம் என்று அவருக்குக் கேட்டுவிட்டது. ஒரு தடவை தாங்கும். அப்படியே சேற்றில் குந்திவிட்டார். அவளும் பக்கத்தில் குந்தி, அவர் முதுகில் கையை வைத்தாள். டீச்சரம்மா பார்க்க, வேன் டிரைவர் பார்க்க, அவர் அழுதார். அவர் அழுது அவள் அதுவரை பார்த்ததில்லை. என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், அவர் சட்டைக் காலரிலிருந்த சேற்றை வழித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"தம்பி நீளமான பெல்ட்டு கொண்டாந்திருக்கான். எழுந்திருங்க. தண்ணி ஏறுதுல்ல" என்றாள் கடைசியில்.

தம்பி பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டைத் தாண்டி வந்துவிட்டிருந்தான். பிறகு நடந்ததெல்லாம் வேலை. எல்லாம் முதலிலிருந்து. அவர் வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கொக்கியைத் தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றி வண்டல் மறுபடி சேர்ந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று அவரும் தம்பியும் மாற்றி மாற்றி மண்ணை வார, அவள் பலகையைச் சொருகிப் பிடித்துக்கொண்டாள். டீச்சரம்மா கடிகாரத்தை ஒரு கல்மேல் வைத்துவிட்டு உதவிக்கு வரப் பார்த்தாள். வரவேண்டாம் என்று மூவரும் ஒரே குரலில் சொல்லவும் திரும்பக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டாள். தம்பியின் பெல்ட்டை முழு நீளத்துக்கும் விரித்து, ஓரம் ஓரமாக விரலால் தடவிப் பார்த்தது தையல்காரிதான். ஒரு பிசிறு இல்லை. சாக்கு காய்ந்திருக்காது என்று தெரிந்தும் இன்னொரு தடவை ஆற்றில் முக்கி எடுத்து வந்து, தன் கையால் அதன்மேல் போர்த்தினாள்.

"தள்ளிப் போ" என்றார்.

போனாள். அவர் கையைக் காட்டிக்கொண்டே இருக்க, இன்னும் இன்னும் என்று மேட்டின் பாதிவரை போனாள். ஜீப்பு பின்னால் வந்தது, பாய்ந்தது. பெல்ட் விறைத்து நீண்டது அவள் கண்ணுக்கே தெரிந்தது. நிஜமாகவே எலாஸ்டிக்தான். வேன் ஒரு குலுக்குக் குலுங்கி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு, அலமாரிக் கதவு படார் படாரென்று அடிக்கக் கரையேறிற்று. வேன் டிரைவர் இறங்கி வந்து ஈரச்சாக்கின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

கெட்டுப்போன பெல்ட்டை வெட்டிவிட வேண்டும் என்பது அவருடைய சட்டம். முழுசாக விட்டால் வேறு எவனாவது எடுத்து மாட்டிவிடுவான். அவர் கத்தியைத் திறந்து வைத்துக்கொண்டு, நீல பெல்ட்டை மடியில் போட்டபடி, வெட்டாமல் உட்கார்ந்திருந்தார். கட்டத்துக்குள் போட்ட பெருக்கல் குறியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். அவள் கத்தியை வாங்கிக்கொண்டாள். முரட்டு நைலான், சுலபத்தில் விடவில்லை. முழங்காலை ஊன்றி அறுத்து அறுத்து இரண்டாக்கினாள். இரண்டை நாலாக்கினாள்.

"அந்தத் தச்ச துண்டை மட்டும் குடேன். கண்ணாடிகிட்ட தொங்கவிட்டுக்கிறேன்" என்றார்.

"குடுக்கமாட்டேன். அதைப் பாத்து நீங்களா புரிஞ்சுக்கிட்டே இருந்தா நான் வாயைத் திறக்கவே மாட்டேன். இனிமே வாயால சொல்றேன்."

"சரி, சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். தம்பி நிற்கிறான், டிரைவர் நிற்கிறார், டீச்சரம்மா கடிகாரத்தோடு நிற்கிறாள். வார்த்தை பழைய இடத்திலேயே வந்து நின்றுகொண்டது. வீட்டுக்குப் போய்ச் சொல்றேன் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டாள். வழியில் அவர்தான் பேசினார், கூட்டாளியைப் பற்றி. அவன் எப்படிச் சிரிப்பான், எப்படிப் பாட்டுப் பாடுகிறேன் என்று கழுத்தறுப்பான், அன்றைக்கு என்ன நடந்தது எல்லாம். இதை நான் உனக்கு அப்பவே சொல்லியிருக்கணும் என்றார். அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். வீட்டை நெருங்கும்போதுதான், வயர்லெஸ்ல கூப்பிட்டேனே கேக்கலையா என்று கேட்டாள்.

"உன் குரல் வந்துச்சு. ஆத்துச் சத்தத்துல வார்த்தைதான் புரியல. என்ன என்னன்னு நானும் கேட்டுட்டே இருந்தேன். நீ விரலை எடுத்தாத்தானே எனக்குப் பேச வழி? நீ எடுக்கவே இல்ல."

அன்று ராத்திரி இருவருக்கும் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம். காலையில் அவர் எழுந்து வந்து பார்த்தபோது சாக்கு இரண்டும் நனைந்து, சொட்டச் சொட்ட, தொட்டியில் தயாராக இருந்தது. ஜீப்பிலும் ஏறியிருந்தது. அவர் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கிளம்பினார். அவளும் சிரித்தாள். சொல்ல வேண்டியது அப்போதும் வரவில்லை.

ஜீப்பு தெருமுனை திரும்புகிறவரை நின்றவள், உள்ளே வந்து மிஷினில் உட்கார்ந்தாள். நூல் கோத்தாள். கோத்த நூலை அப்படியே விட்டுவிட்டு மைக்கை எடுத்தாள். முகத்துக்கு நேரே சொல்வதைவிட இது கொஞ்சம் சுலபமாக இருந்தது. அழுத்தினாள்.

"ஏங்க. நான்தான். அன்னைக்கு உங்களைப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன்ல. அது தப்பு. ரொம்பத் தப்பு. என்னை மன்னிச்சுடுங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க பயந்தே இருங்க. பயந்து பயந்து தினமும் வீடு வந்து சேருங்க. எனக்கு அது போதும்."

இன்னும் அழுத்திக்கொண்டிருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. விரலை எடுத்தாள்.

பெட்டி கரகரத்தது. அக்கா, நாங்களும் லைன்லதான் இருக்கோம் என்றது ஒரு குரல், குவாரி டிரைவர்களில் ஒருத்தன். பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிப்பு அடங்கிற்று. பிறகு அவர் குரல் வந்தது, ஜீப்பை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிற நிதானத்தோடு.

"கேட்டுச்சு" என்றார். "அழுத்திட்டு இன்னொரு தடவை சொல்லு."

அவள் அழுத்தினாள்.